முகவரி கேட்கும் வரி

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் என் அக்கா தைத்த தோல் பர்ஸ் ஒன்றுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆர்டர் வந்தது. விலை 450 ரூபாய். இன்ஸ்டாகிராமில் படம் பார்த்த ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டிருந்தார். பார்சல் கட்டி முடித்துவிட்டு, கூரியர் கடைக்குக் கிளம்பும் முன் அக்கா எனக்குப் போன் செய்தாள். "ஏன்டி, நீதான் வரியப் பத்தி ஆராய்ச்சி பண்றியே, இத அனுப்பலாமா?" என்றாள். நான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெளி மாநிலத்துக்கு அனுப்பணும்னா ஜிஎஸ்டி பதிவு வேணும்க்கா, அனுப்பாத" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள் கேட்டாள்: "கேரளாக்காரங்க குடுக்குற காசு வேற காசா?"

அந்தப் பார்சல் போகவில்லை. நான் அன்று சொன்ன பதில் முழுக்கச் சரியும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அக்கா கேட்ட கேள்வி.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 14 ஆண்டுகள் தையல் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். 2020 பொதுமுடக்கத்தில் வேலை போனது. கம்பெனிகள் கழித்துக் கட்டும் கட் பீஸ் தோலைக் கிலோ கணக்கில் வாங்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் வெட்டி, கையால் தைத்து பர்ஸும் பையும் செய்ய ஆரம்பித்தாள். உள் துணி தைக்க மட்டும் ஒரு பழைய தையல் மெஷின். மாதம் 20 உருப்படி விற்றால் 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். இது லாபம் அல்ல, மொத்த விற்பனை.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சிறு வியாபாரிகளைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பொருள் மட்டும் விற்பவராக இருந்தால், 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சிலருக்கு இந்த வரம்பே கிடையாது என்கிறது. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பவர்கள் அதில் வருகிறார்கள். மின்வணிகத் தளங்கள் வழியாகப் பொருள் விற்பவர்களும் வந்தார்கள். அவர்கள் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டும்.

இதன் பொருளை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். கடைத்தெருவில் சொந்தக் கட்டடத்தில் ஆண்டுக்கு 39 லட்சத்துக்குப் பை விற்கும் கடைக்காரர் ஜிஎஸ்டி எண் வாங்கத் தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு இணையத்தில் விற்கும் அக்கா வாங்க வேண்டும். அவளுடைய பர்ஸ் கன்னியாகுமரிக்குப் போனால் ஒரு சட்டம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குப்பத்துக்குப் போனால் வேறு சட்டம்.

கடைத்தெருவில் கடை பிடிக்க முடியாதவர்கள்தான் இணையத்துக்கு வருகிறார்கள். ஊருக்குள் யாரிடம் வாங்குவது, யார் வீட்டுப் பொருளைத் தொடுவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடத்தில், முகம் தெரியாத வாடிக்கையாளர் ஒரு விடுதலை. அந்த வாசலில்தான் வரம்பு எடுக்கப்பட்டிருக்கிறது.

இது உலகம் முழுக்க உள்ள நடைமுறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் வெளி மாநில இணைய விற்பனையாளரிடம் விற்பனை வரி வசூலிக்கலாம் என்று 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேஃபேர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அந்த வழக்கில் சோதிக்கப்பட்ட தெற்கு டகோட்டா மாநிலச் சட்டத்திலேயே ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 பரிவர்த்தனை என்ற வரம்பு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டிலிருந்து மற்ற நாடுகளின் நுகர்வோருக்கு விற்கும் சிறு வணிகர்களுக்கு 2021 ஜூலை முதல் ஆண்டுக்கு 10,000 யூரோ என்ற வரம்பு இருக்கிறது. அங்கே நாட்டு எல்லையைத் தாண்டும் சின்ன வியாபாரிக்குக் கிடைக்கும் இடம், இங்கே மாநில எல்லையைத் தாண்டும் அக்காவுக்குக் கிடையாது.

இந்த அநியாயத்தைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. பாபாசாகேப் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கப் பழகிய நாம், அவர் பொதுநிதியியல் படித்த பொருளியலாளர் என்பதை மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய நூல் 1925இல் வெளிவந்தது. 1927 பிப்ரவரியில் பம்பாய் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின் மீது பேசியபோது, நிலவரியை அவர் கடுமையாக விமர்சித்தார். வருமான வரியில் ஒரு வரம்புக்குக் கீழே உள்ளவரை அரசு விட்டுவிடுகிறது. நிலவரியிலோ பெரிய ஜாகீர்தாரும் துண்டு நிலம் வைத்திருப்பவரும் ஒரே விகிதத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்பதே அவருடைய கேள்வி. கட்டும் சக்தியைப் பார்க்காத வரி சமமான வரி ஆகாது என்று ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இணைய விற்பனைக்கு வரம்பை எடுத்தவர்கள் அந்தப் பழைய நிலவரியின் குணத்தைத்தான் புதுச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"வரி சாதி பார்க்காது" என்று என் ஆய்வரங்கு ஒன்றில் ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். விண்ணப்பப் படிவத்தில் சாதிக்கான கட்டம் இல்லை. ஆனால் முகவரிக்கான கட்டம் இருக்கிறது.

பதிவு வாங்கிவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். தொழில் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் வேண்டும். சொந்த இடம் என்றால் சொத்து வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ, வாடகை என்றால் ஒப்பந்தம், இடம் மற்றவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம். எங்கள் வீடு நத்தத்தில் இருக்கிறது. பட்டா வரவில்லை. மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில். விண்ணப்பம் இரண்டு முறை கேள்வியோடு திரும்பி வந்து, மூன்றாம் முறை நிராகரிக்கப்பட்டது.

சரி, டவுனில் சின்னதாக ஒரு கடை பார்க்கலாம் என்று போனோம். முதல் கடைக்காரர் எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னதும் கடை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்றார். இரண்டாமவர் ஏரியாகூடக் கேட்கவில்லை, "நீங்க எந்த ஆளுங்க?" என்று நேராகவே கேட்டார். மூன்றாமவர் வாடகைக்குத் தரச் சம்மதித்தார். அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். ஜிஎஸ்டிக்கு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வேண்டும் என்றதும் பின்வாங்கினார். "வாடகைக்கு இருந்துட்டுப் போம்மா. ஆனா கவர்மென்ட் பேப்பர்ல என் கடை நம்பரோட உங்க பேரு நின்னுடக் கூடாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மின் இணைப்பை அப்பா பெயருக்கு மாற்றி, அப்பாவிடம் சம்மதக் கடிதம் எழுதி வாங்கிப் பதிவு செய்ய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் எந்தப் புள்ளிவிவரத்திலும் சாதியப் பாகுபாடு என்று பதிவாகாது. ஆவணக் குறைபாடு என்றுதான் பதிவாகும்.

பதிவு கிடைத்ததும் இன்னொரு செலவு தொடங்கியது. தளம் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதத்தை டிசிஎஸ் என்று பிடித்தது. லாபத்தில் அல்ல, விற்பனை மதிப்பில். அந்தப் பணம் கணக்கில் வர வேண்டுமானால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டருக்கு மாதம் 750 ரூபாய். 9,000 ரூபாய் விற்பனையில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு உருப்படிகூட விற்காத காலாண்டிலும் ரிட்டர்ன் உண்டு, தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய் உண்டு. கட் பீஸ் விற்பவர் பில் தருவதில்லை. அதனால் பெரிய கம்பெனிகள் எடுக்கும் உள்ளீட்டு வரி வரவு அவளுக்குக் கிடையாது. 1 சதவீத வரியோடு முடியும் காம்போசிஷன் திட்டத்துக்குப் போகலாமென்றால், தளத்தில் விற்பவர்களுக்கு அப்போது அது மூடப்பட்டிருந்தது. 2023 தொடக்கத்தில் அக்கா ரிட்டர்ன் போடுவதை நிறுத்தினாள். பதிவு ரத்தானது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் பதிவு கட்டாயம் என்ற விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கைவினைப் பொருட்களை வெளி மாநிலத்துக்கு விற்பவர் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்வரை பதிவு செய்யத் தேவையில்லை என்று 2017 செப்டம்பரில் ஓர் அறிவிப்பாணை வந்தது. 2018 அக்டோபரில் அது திருத்தி வெளியிடப்பட்டது. பெரும்பகுதி கையால் செய்த தோல் பைகளும் பர்ஸ்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பான் எண் வேண்டும், பொருளின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் இ-வே பில் எடுக்க வேண்டும். தளத்தின் வழியாக விற்றால் இந்த விலக்கு கைகொடுக்காது. ஆனால் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றால் கைகொடுக்கும். அதாவது, திருவனந்தபுரத்து ஆசிரியைக்கு அக்கா அந்தப் பர்ஸை அன்றே அனுப்பியிருக்கலாம்.

எனக்கு அது தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்கு வரி பற்றிப் படிப்பவளுக்கே தெரியவில்லை. மாதம் 750 ரூபாய் வாங்கிய ஆடிட்டரும் சொல்லவில்லை. இதே விலக்கு ஒரு வணிகச் சாதிக் குடும்பத்தில் எப்படித் தெரிந்திருக்கும்? ஆடிட்டராக இருக்கும் சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பார். மாமா கடையில் கணக்கு எழுதிய பையன் சொல்லியிருப்பான். தலைமுறைகளாகக் கைமாறும் வணிக அறிவு அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குத் திறமை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே ஆகியோரின் ஆய்வு, 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து ஒன்றைக் காட்டியது. மக்கள்தொகையில் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பட்டியல் சாதியினரிடம் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளிக்கு மூலதனம் மட்டும் காரணமல்ல. யாரைக் கேட்பது என்று தெரியாததும் காரணம்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், தன் மாநிலத்துக்குள் மட்டும் தளங்கள் வழியாகப் பொருள் விற்கும் சிறு வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் மாநிலத்துக்குள் விற்கலாம். டிசிஎஸ் 2024 ஜூலையில் அரை சதவீதமாகக் குறைந்தது. பதிவுக்குத் தேவையற்ற ஆவணங்கள் கேட்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. வாடகை ஒப்பந்தம் இல்லாதவர், தன் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது போன்ற ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் தந்தால் போதும் என்று அதில் இருக்கிறது. இதைப் படிக்கும் யாருக்காவது வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஆனால் மாநில எல்லை அப்படியே நிற்கிறது. தளத்தில் விற்கும் அக்கா கன்னியாகுமரிவரை போகலாம், குப்பத்துக்குப் போக முடியாது. அதனால்தான் 2024இல் சொந்த இணையதளம் என்று முடிவு செய்தோம்.

இணையதளம் என்றால் வண்ணம், படம், எழுத்துரு என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நாங்கள் ஒரு வெள்ளைத் தாளில் கேள்விகளோடு தொடங்கினோம். எந்தப் பொருள் முழுக்கக் கைவினை, எது மெஷின் வேலை? கைவினைப் பொருளை நாடு முழுக்க அனுப்பலாம். மற்றதைத் தமிழ்நாட்டுப் பின்கோடுகளுக்கு மட்டும் அனுப்பும்படி தளத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரிகூடப் போட்டு வசூலிக்கக் கூடாது. எனவே விலை என்பது ஒரே விலை. தமிழ்நாட்டு விற்பனைக்கும் வெளி மாநில விற்பனைக்கும் இரண்டு பத்திகள் போட்ட ஒரு நோட்டு. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. பணம் வாங்கித் தரும் நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தையும் கூரியர் செலவையும் சேர்த்துப் போட்ட விலை. திருப்பி அனுப்பினால் என்ன செய்வோம் என்று நான்கு வரி. நோட்டை அக்காவின் மகள் பார்த்துக்கொள்கிறாள். அவள் பத்தாம் வகுப்பு.

கடைசிப் பக்கத்தில்தான் நின்றுவிட்டோம். 'தொடர்புக்கு' என்ற பக்கம். இணையத்தில் வணிகம் செய்பவர் தன் பெயரையும் முகவரியையும் தளத்தில் காட்ட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். முகம் தெரியாத சந்தையை நம்பி வந்தவளிடம் சட்டம் மறுபடியும் முகவரி கேட்கிறது. தமிழ்நாட்டில் ஒருவருடைய தெருப் பெயரைக் கேட்டால் போதும், வேறெதுவும் கேட்க வேண்டாம். எங்கள் முகவரியில் 'காலனி' இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது சும்மா இல்லை. அது முகவரி வடிவத்தில் இருக்கும் சாதிப் பெயர் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

சந்தை சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. சந்திர பான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே இணையத்தில் மசாலாவும் ஊறுகாயும் விற்கத் தொடங்கினார். மும்பையில் 'சமார் ஸ்டூடியோ' என்று இழிவாக வீசப்பட்ட சொல்லையே பைகளின் அடையாளமாக மாற்றினார் சுதீர் ராஜ்பர். இந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் பெயரைச் சொல்வதும் மறைப்பதும் விற்பவரின் தேர்வாக இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தத் தேர்வு இல்லை. விதியைக் குறை சொல்லவில்லை. ஏமாற்றப்பட்ட நுகர்வோர் ஆளைத் தேட முகவரி வேண்டும்தான். எல்லோருடைய முகவரியும் ஒரே எடையில் இல்லாத நாட்டில் அந்த விதிக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்பதே என் குறை.

வரம்பு கொடுத்தால் பெரிய வியாபாரிகள் தங்களைச் சிறிதாக உடைத்துக்கொண்டு ஏமாற்றுவார்கள் என்று வரித்துறை சொல்லும். தளம் வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் ஏற்கெனவே பான் எண்ணோடு அரசுக்குத் தெரிகிறது. கடைத்தெருக் கல்லாவைவிட இணைய விற்பனைதான் வெளிச்சத்தில் இருக்கிறது. மாநிலத்துக்குள் ஒரு சேர்க்கை எண்ணை வைத்துக் கண்காணிக்க முடிகிறதென்றால், மாநிலம் தாண்டியும் அதே எண்ணை வைத்துக் கண்காணிக்க முடியும்.

எனவே கேட்க வேண்டியவை தெளிவானவை. பொருள் விற்பவருக்கான 40 லட்சம் வரம்பு, இணையத்தில் விற்றாலும் மாநிலம் தாண்டி விற்றாலும் ஒன்றாக இருக்க வேண்டும். நத்தத்திலும் புறம்போக்கிலும் குடியிருப்பவர்களுக்கு உள்ளாட்சி தரும் இருப்பிடச் சான்றே தொழில் முகவரிக்குப் போதும் என்று எழுத்தில் வர வேண்டும். பட்டியலினத் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் வணிகச் சாம்பியன்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடத்துகிறது. அதனோடு, ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்திலும் இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தரவும், எந்த விலக்கு யாருக்கு உண்டு என்று சொல்லவும் ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். ஆடிட்டர் சித்தப்பா இல்லாதவர்களுக்கு அரசுதான் சித்தப்பாவாக இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் படிப்பகங்களில் டிஎன்பிஎஸ்சிக்கு வகுப்பு எடுக்கிறோம். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யவைக்கிறோம். வன்கொடுமை தடுப்புச் சட்டம் தெரிந்த தோழர் எல்லா ஊரிலும் இருக்கிறார். வரிச் சட்டம் தெரிந்த தோழர் எத்தனை ஊரில் இருக்கிறார்? வணிகம் அவர்களுடையது, போராட்டம் நம்முடையது என்ற பாகப்பிரிவினையை யார் செய்தது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மடிக்கணினி, ஒரு வெள்ளைத் தாள் போதும். நான் என் ஊரில் தொடங்கியிருக்கிறேன். போன மாதம் ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் பெண்கள்.

அக்காவின் தளத்தில் அந்தக் கடைசிப் பக்கம் இரண்டு வாரம் காலியாகவே இருந்தது. என் சென்னை விடுதி முகவரியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தெருப் பெயர், கதவு எண், ஊர், பின்கோடு என முழு முகவரியையும் மகளைவிட்டு டைப் செய்யச் சொன்னாள். பிறகு அந்தத் திருவனந்தபுரத்து ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மூன்று ஆண்டு தாமதமாகப் போன முதல் வெளி மாநிலப் பார்சல் அதுதான். அனுப்புநர் முகவரி பெட்டியின் மேல், கொட்டை எழுத்தில்.